சித்திரையில் குளிராத குடம்

எங்கள் பெத்தா, அதாவது பாட்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாழ்ந்தவர். குசினி வாசலில் ஆற்று மணலைக் கொட்டி, அதன்மேல் ஒரு மண்குடம் வைத்திருப்பார். வெயிலில் களைத்து வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர். நலம் விசாரிப்பது அதன்பிறகுதான். அந்தக் குடத்தைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார்: "கச்சான் காலத்தில் குடம் தானாகக் குளிரும் மகன். சித்திரையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் குளிராது." கச்சான் என்பது வைகாசிக்குப் பின் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. அவர் சொன்னது அப்போது எனக்குக் கிழவியின் பேச்சாகவே பட்டது. வெப்பம் மனித உடலை எப்படிக் கெடுக்கிறது என்று வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கோடை முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது என்று தெரிந்தது.

மண்குடத்தின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது குடத்தின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் வேகமாக நடக்கும், குடம் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் கசிந்த நீர் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும், குடம் ஈரமாக இருக்குமே தவிர குளிராது. நம் தோலும் இப்படித்தான். ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்தவரின் உடலில் பிறக்கும் வெப்பத்தை அது தாராளமாகக் கழித்துவிடும். ஆனால் முதுகில் வழிந்து சாரத்தை நனைத்து மண்ணில் சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி கிடைக்காது. உடலின் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

ஆகவே நமக்கு இருப்பது ஒரு கோடை அல்ல, இரண்டு. சித்திரையில் புழுக்கம். வைகாசிக்குப் பின் கச்சான் வெக்கை. இரண்டும் உடலை வெவ்வேறு வழியில் தாக்குகின்றன, இரண்டுக்கும் வேண்டிய கவனமும் வேறு. கொழும்பை நினைத்துச் சொல்லப்படும் அறிவுரையும், தமிழ்நாட்டு நாட்காட்டியின் அக்கினி நட்சத்திரக் கணக்கும் இந்தக் கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் சித்திரை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. மட்டக்களப்பின் உச்சிக்கு அது வருவது 9, 10ஆம் திகதி வாக்கில். அந்த நண்பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டால் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் இன்னும் எழும்பாத இடைக்காலம் அது. இலை அசையாது. கடலும் வாவியும் காற்றில் ஏற்றிய ஈரம் கலைந்து போக வழியில்லாமல் ஊரின் மேலேயே கிடக்கும்.

வெப்பமானியில் 32 பாகை செல்சியஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதன் 40 வீதமாக இருந்தால் உடல் உணர்வதும் ஏறக்குறைய 33 பாகைதான். ஈரப்பதன் 70 வீதமானால் அதே 32 பாகை, உடலுக்கு 41 பாகையாகத் தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணத்துக்கு எச்சரிக்கை விடுக்கும்போது குறிப்பிடும் வெப்பச் சுட்டெண் இதுதான். இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும்: அந்த எண் நிழலில் நிற்பவருக்குரியது. நேர் வெயிலில் நிற்பவருக்கு மேலும் 8 பாகை வரை கூடலாம்.

இந்த நாட்களைத்தான் நாம் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மரதன் ஓட்டம், சைக்கிள் ஓட்டம், கயிறிழுத்தல், எல்லாம் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும் வாரத்தில். நான் விழாவுக்கு எதிரானவன் அல்ல. சிறுவயதில் தலையணைச் சண்டையைப் பார்க்க வேலியேறி நின்றவன்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு அறிவித்த மரதன், அதிதிகள் வரவில்லை என்று ஒன்பதரைக்குத் தொடங்குவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஓடப்போகும் பிள்ளைகள் அந்த இரண்டரை மணி நேரமும் வெயிலில் நிற்கிறார்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக வெயிலில் பயிற்சி செய்தால்தான் வியர்வை விரைவில் சுரக்கவும் அதில் உப்பு குறைவாகப் போகவும் உடல் கற்றுக்கொள்ளும். பரீட்சைக்கு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரே நாளில் தார் வீதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். மரதனை விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். அதிதிகள் பரிசு கொடுக்க வந்தால் போதும்.

புழுக்கத்தை வெல்லக் காற்றோட்டம்தான் வழி. மின்விசிறி அறையைக் குளிராக்குவதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விலக்கி, வியர்வை ஆவியாக இடம் செய்கிறது. 40 பாகைக்குக் கீழ் மட்டுமே மின்விசிறியை நம்பலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு மேல் போனால் அது சூட்டை உடலின் மேல் வீசும் உலைத் துருத்தி போலாகிவிடும். நம் கரையில் நிழலில் 40 தொடுவது அரிது, எனவே மின்விசிறி பெரும்பாலும் உதவும். ஆனால் நண்பகலில் தகரக் கூரையின் கீழ் மூடிக் கிடக்கும் அறை வேறு உலகம். அங்கே மின்விசிறிக்கடியில் படுப்பதை விட வெளியே வேம்பின் நிழலில் பாய் போடுவது மேல். மேலங்கியை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு காற்றில் இருந்தால் உடல் தன் சொந்த நீரைச் செலவழிக்காமலே குளிரும். இரவும் புழுங்குவதுதான் சித்திரையின் இன்னொரு கொடுமை. பகல் முழுவதும் சூடேறிய உடலுக்கு இரவில்தான் ஓய்வு. அந்த ஓய்வு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கிடைக்காவிட்டால் முதலில் தளர்வது முதியவர்களின் இதயம். படுக்கும் முன் கிணற்றடியில் ஒரு குளிப்பு, ஈரத் துவாயைக் கழுத்திலும் மார்பிலும் போட்டுக்கொள்வது, கொசுவலைக்கு வெளியே மின்விசிறி: எளிய காரியங்கள்தான், ஆனால் அவை ஓர் இரவைக் காப்பாற்றும்.

இனிக் கச்சான். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மேற்குக் கரையில் மழையாகக் கொட்டுகிறது. மலைநாட்டில் ஏறும்போது காற்று தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே உதறிவிடுகிறது. ஈரமிழந்த காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கத்தால் சூடேறும்: ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை. ஏறும்போது முகிலும் மழையும் உருவாவதால் அது அவ்வளவு குளிர்ந்திருக்காது. இறங்கும்போது முழுக் கணக்கில் சூடாகிவிடுகிறது. நுவரெலியாவில் போர்வைக்குள் ஒடுங்க வைக்கும் அதே காற்று நம் வயல்வெளியில் அனலாக வீசுவதன் காரணம் இது. உதடு வெடிக்கும், கண் எரியும், துவைத்துப் போட்ட புடவை அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும்.

வாவியின் இரு கரைகளுக்கும் இதில் வேறுபாடு உண்டு. கிழக்குக் கரையான எழுவான்கரையில், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம், பிற்பகலில் கடற்காற்று வந்து கொஞ்சம் ஆற்றும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் அந்தக் கடற்காற்றும் கரையேற முடியாமல் நின்றுவிடும். வவுணதீவு, வெல்லாவெளி, சம்மாந்துறை, அம்பாறை என்று உள்ளே போகப் போக அந்த ஆறுதல் குறைந்துகொண்டே போகிறது. சிறுபோக (கோடைப் போக) நெல் வேலை நடப்பதோ பெரும்பாலும் அங்கேதான்.

கச்சானில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடல் குளிர்கிறது. ஆனால் எவ்வளவு நீர் போகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. சட்டை நனையவில்லை, ஆகவே வியர்க்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். கடும் வேலையில் மணிக்கு ஒரு லீற்றரும் அதற்கு மேலும் போகும். தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கனவே பின்தங்கிவிட்டது. எனவே கச்சானில் தாகத்தைப் பார்த்துக் குடிக்கக் கூடாது, மணியைப் பார்த்துக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை, கிட்டத்தட்ட கால் லீற்றர், போதுமானது. ஒரேயடியாக மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் ஆபத்து. இரத்தத்தின் உப்பு நீர்த்துப் போகும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. சாயம் இறங்கிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால், அல்லது நீர்க்கடுப்பு எடுத்தால், வேலையை நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குடிப்பதற்கு நம்மிடம் இல்லாதது எது? எருமைத் தயிரைக் கடைந்து உப்புப் போட்ட மோர், பழந்தண்ணி, உப்பிட்ட கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர், செவ்விளநீர், வத்தகப்பழம், சீனி தூவிய வெள்ளரிப்பழம். இவற்றில் பெருமளவு நீரும், சிலவற்றில் உடல் இழந்த உப்புகளும் இருக்கின்றன. வரம்பில் உட்கார்ந்து வெங்காயத்தோடும் மிளகாயோடும் பழஞ்சோறு சாப்பிட்ட நம் முன்னோர், நீரையும் உப்பையும் மாவையும் ஒரே கலத்தில் கலந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று வயலுக்குப் போகும் இளைஞர்களின் கையில் நிறமூட்டிய சோடாப் போத்தலைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அதில் நிறையச் சீனியும் மிகக் குறைந்த உப்பும்தான் இருக்கின்றன. மிகவும் வியர்த்துத் தசை பிடித்துக்கொண்டால் ஜீவனி என்ற உப்பு-சீனிப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பையில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பையையும் கரைக்க வேண்டும்; ருசிக்காகச் சீனி சேர்ப்பதும் பாதிப் பையை மட்டும் போடுவதும் அதன் சமநிலையைக் குலைத்துவிடும். கள்ளும் சாராயமும் அன்று வேண்டாம். அவை உடலின் நீரை வெளியே தள்ளுவதோடு, ஆபத்தை உணரும் புத்தியையும் மழுக்கிவிடும்.

பெத்தா கச்சான் மாதங்களில் மேற்கு விறாந்தையில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுவார். காலையில் ஒரு வாளித் தண்ணீர், பிற்பகலில் ஒரு வாளி. அனல் காற்று அந்தச் சாக்கினூடாக நுழையும்போது ஈரத்தை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து உள்ளே வரும். சித்திரையில் அவர் அதைத் தொட மாட்டார். வறண்ட காற்றில் ஈரச் சாக்கு வீட்டைக் குளிரவைக்கும்; புழுக்கத்தில் கட்டினால் வீட்டுக்குள் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். கடைகளில் விற்கும் நீர்க்குளிரூட்டிக்கும் இதே விதிதான்.

ஓர் ஆனி மாதம் எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், நடந்ததைச் சொல்கிறேன். நண்பகல் தாண்டியும் ஒருவர் வரம்பு திருத்திக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், திடகாத்திரமான மனிதர். வாடிக்கு வந்து தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கூப்பிட்டபோது, "மாடு கட்டியாகிவிட்டதா?" என்று திருப்பிக் கேட்டார். அங்கே மாடே இல்லை. இரண்டடி வைத்து மண்வெட்டியோடு சரிந்தார். உடல் வியர்வையில் நனைந்திருந்தது, தொட்டால் அடுப்பில் கை வைத்தது போலச் சுட்டது. "ஆட்டோவைக் கூப்பிடு, ஏற்றிக்கொண்டு போவோம்" என்று ஆளாளுக்குப் பதறினார்கள். சோறு கொண்டுவந்திருந்த ஒரு மாமிதான் சத்தம் போட்டார்: "முதலில் வாய்க்காலுக்குள் இறக்குங்கள் தம்பி!" நாலு பேர் தூக்கி, ஓடும் வாய்க்கால் நீரில் கழுத்தளவு கிடத்தினோம். ஒருவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார், நான் செம்பால் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண் திறந்து, தன் சைக்கிள் எங்கே என்று கேட்டார். அதன்பிறகுதான் வாகனம் வந்தது.

அந்த மாமி செய்தது மிகச் சரி. வெப்பத்தால் வரும் சோர்வு வேறு, வெப்பத்தாக்கு வேறு. சோர்வில் தலை சுற்றும், குமட்டும், கால் தளரும், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும்; நிழலில் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாக நீர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேறிவிடுவார். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வெப்பத்தாக்கு. உட்புற உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். மூளையும் சிறுநீரகமும் ஈரலும் நிமிடத்துக்கு நிமிடம் கெட்டுக்கொண்டிருக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுக்குள் கிடந்து பாதிக்கப்படும் முதியவர்களுக்குத் தோல் பெரும்பாலும் காய்ந்திருக்கும். வேலை செய்தும் ஓடியும் விழுந்தவர் வியர்வையில் குளித்திருப்பார். எனவே தோலைப் பார்த்து ஏமாறாமல் புத்தி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் 1990 இலக்கத்தை அழைத்து இலவச நோயாளர் வண்டியைக் கேட்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். வாய்க்கால், கிணற்றடி, குழாய் நீர், எது அருகில் இருக்கிறதோ அது. தண்ணீர் குறைவென்றால் உடுப்பைத் தளர்த்தி உடல் முழுவதையும் நனைத்து, ஓலையாலோ சாரத்தாலோ விடாமல் விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டு நீரும் விடக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போகும். பனடோல் கொடுப்பதில் பயனில்லை. காய்ச்சலில் ஏறும் சூடு வேறு, இந்தச் சூடு வேறு. வண்டியில் ஏற்றிய பிறகும் ஈரத்துணியும் விசிறியும் நிற்கக் கூடாது.

வயலுக்கே போகாதவர்களும் இந்தக் காலத்தில் விழுகிறார்கள். முதியவர்களுக்குத் தாகம் மங்கிவிடும். "வேண்டாம் மகள், இப்போதுதான் குடித்தேன்" என்பார்கள், குடித்திருப்பதோ காலையில். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் நீர் போகும் மாத்திரைகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் உடலின் குளிர்விக்கும் வேலையைத் தடுக்கக்கூடியவை. அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. கிளினிக் நாளில் வைத்தியரிடம் அளவைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர் கொடுத்தால் குழந்தை பால் குடிப்பது குறையும். அடிக்கடி பால் கொடுப்பதும், தாய் நிறையக் குடிப்பதும்தான் வழி.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரமழான் வரும் ஆண்டுகளில் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நோன்போடு கட்டட வேலை செய்யும் சகோதரர்களைப் பார்க்கிறோம். நோன்பு திறந்தது முதல் ஸஹர் எனப்படும் விடியற்கு முந்திய உணவு வரை நீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பதும், கடும் வேலையை விடியற்காலையோடு முடித்துக்கொள்வதும் அவர்களுக்கு உதவும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் முன்னதாகவே வைத்தியரைக் கலந்துகொள்வது நல்லது. கதிர்காமப் பாதயாத்திரையும் கச்சான் மாதங்களில்தான் வருகிறது. உகந்தை முருகனிடம் விடைபெற்றுக் குமனைக் காட்டுக்குள் நுழைந்தால் நிழலும் நீரும் குறைவு. அங்கே விடியலிலும் மாலையிலும் நடந்து, நண்பகலில் ஆற்றங்கரை மரங்களின் கீழ் படுத்துவிடுவது பழைய அடியார்களின் வழக்கம். ஒரே நாளில் கூடுதல் தூரம் கடக்கத் துடிக்கும் இளைஞர்கள் அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும்.

வைகாசியில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து திருக்குளிர்த்தி பாடுகிறோம். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டைத் தணிக்கும் சடங்கு, கச்சான் எழும்பும் மாதத்திலேயே வருகிறது. அந்தக் கூட்டத்துக்குத் தாகசாந்தி நிலையம் அமைக்கும் இளைஞர் கழகங்கள் சீனிச் சர்பத்தோடு ஓர் அண்டா உப்பு மோரும் வைத்தால், வெயிலில் நேர்த்தி முடிக்க நிற்கும் எத்தனையோ தாய்மார் விழாமல் நிற்பார்கள்.

தனி மனிதர் தண்ணீர் குடிப்பதோடு முடிகிற விடயம் அல்ல இது. கட்டாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்ரெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை திறந்த வெளி வேலைக்குத் தடை இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே அந்த ஓய்வைப் பெற்றவர்கள். ஊருக்குத் திரும்பியதும் அதே நேரத்தில் கொங்கிறீற் போடுகிறார்கள், நாட்கூலி குறைந்துவிடும் என்ற பயத்தில். விடிய ஐந்தரையிலிருந்து பத்து வரை, பிறகு பிற்பகல் மூன்றரையிலிருந்து ஆறரை வரை என்று வேலையைப் பிரித்தால் ஏழரை மணி நேர வேலையும் கிடைக்கும், முழு நாட்கூலியும் கொடுக்கலாம். வயல் சொந்தக்காரரும் கட்டட மேசனும் மனம் வைத்தால் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கூரை. கிடுகு வேய்ந்த மண்வீடுகள் போய், 2004 ஆழிப்பேரலைக்கும் போருக்கும் பின் எழுந்த வீடுகளில் எத்தனையோ தகரத்தாலும் சீற்றாலும் மூடப்பட்டவை. வெயிலில் காய்ந்த தகரத்தில் நண்பகலில் கை வைக்க முடியாது. அந்தச் சூடு முழுவதும் கீழே படுத்திருப்பவரின் மேல்தான் இறங்குகிறது. இந்தியாவின் அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத்துக்கென்று செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் அதில் சேர்ந்தது. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இங்கே சுண்ணாம்பு கிடைக்கிறது, கிடுகு கிடைக்கிறது. வெல்லாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் தகரத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கிடுகு போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். சித்திரை மாதம், பிற்பகல் இரண்டு மணி. பக்கத்து வீட்டார் எல்லோரும் மரத்தடியில் இருந்தார்கள். இந்த வீட்டின் உள்ளே மூன்று மாதக் குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் வியர்வை இல்லை.